பிள்ளைகளின் தோல் அரிப்பு: எல்லாச் சொறியும் ஒரு சொறியல்ல

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எமது தாய்மார் இரவோடிரவாக மூதூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுக்கிறார்கள். நாய் கடித்தால் ஊசி போடாமல் விடுவதில்லை. ஆனால் பிள்ளை உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தால், "சொறிதானே, இருக்கட்டும்" என்ற பேச்சே எழுகிறது. சொறிச்சலால் எவரும் சாவதில்லை என்பது பொதுவான எண்ணம். மழை விட்டால் மாறும், பெரும்போகம் முடிந்தால் பார்ப்போம், சொந்த இடத்துக்குப் போனால் சுகமாகும் என்று நாட்கள் போகின்றன.

இந்தப் பொறுமை பிள்ளைக்கு நன்மையல்ல என்பதே எமது கருத்து. இரவு முழுவதும் சொறியும் பிள்ளை நித்திரை கொள்வதில்லை. நித்திரை இல்லாத பிள்ளை காலையில் உண்பதில்லை, முன்பள்ளியில் பாடத்தில் மனம் வைப்பதில்லை. பிள்ளையுடன் விழித்திருக்கும் தாயும் மறுநாள் வயல் வேலைக்குச் சோர்ந்த உடம்போடு போகிறாள். சொறிந்த இடம் புண்ணாகி, புண்ணில் கிருமி சேர்ந்தால் சிறுநீரகம் வரை கெடலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்ற சொல் மூன்று வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது. "பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதவள்" என்ற சொல் தாயின் காதில் விழுகிறது.

இவற்றிற் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். அதற்கு முதலில் ஓர் உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். அரிப்பு ஒன்று, அதைத் தரும் நோய்கள் பல. அவற்றுள் இரண்டு எமது பகுதியில் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. ஒன்று கரப்பான்; வைத்தியர்கள் எக்சிமா என்பார்கள். மற்றது சிரங்கு, வைத்தியர்கள் ஸ்கேபீஸ் என்பார்கள். கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சிரங்கு தொற்றும். கரப்பானுக்கு அந்தப் பிள்ளையை மட்டும், ஆனால் நாள்தோறும் பராமரிக்க வேண்டும். சிரங்குக்கு முழு வீட்டுக்கும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். இரண்டுக்கும் ஒரே கிறீமை வாங்கிப் பூசுவதால் இரண்டுமே மாறாமல் நிற்கின்றன.

இடப்பெயர்வும் தோலும்

திருகோணமலை மாவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1990இன் போரில் ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கரையோரம் முழுவதும் ஓடியது. 2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை பக்கத்து மக்கள் வெளியேறினார்கள். அவர்களிற் பலர் மட்டக்களப்புக்குப் போய், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். சம்பூரில் கடற்படை முகாம் இருந்த காணி 2016இல் விடுவிக்கப்படும்வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2006இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அந்தப் பிள்ளையின் குழந்தைப் பருவம் முழுவதும் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே கழிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின் வெள்ளம் வந்தபோது, மாவிலாற்றுப் பக்கத்தில் அணை உடைந்து, மூதூர்ப் பகுதிக் குடும்பங்கள் மறுபடியும் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறின.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்குத் தோல் நோய் கூடுதலாக வருவதற்கு மறைவான காரணம் எதுவுமில்லை. ஒரு கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பேர் ஒரே பாயில் உடம்போடு உடம்பு ஒட்டிப் படுக்கிறார்கள். சிரங்குப் பூச்சிக்கு அதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. தகரக் கூரையின் கீழ் மத்தியான வெயிலில் பிள்ளை வியர்த்துக் கொட்டுகிறது. வியர்வை கரப்பானைத் தூண்டும். பவுசரில் வரும் தண்ணீர் சமைக்கவும் குடிக்கவுமே சரியாக இருக்கிறது. குளிப்பு இரண்டாம் இடத்துக்குப் போகிறது. நிவாரணப் பொதியில் வரும் துணி தோய்க்கும் சவர்க்காரமே பிள்ளையின் உடம்புக்கும் போகிறது. வைகாசி முதல் வீசும் கச்சான் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. மார்கழி மழையில் உடுப்புக் காய்வதில்லை. இவற்றில் எதுவும் தாயின் குற்றமல்ல. கூட்டமாக ஓரிடத்தில் அடைபட்டு வாழ்வதன் விளைவு இது.

கரப்பான் என்றால் என்ன?

தோல் ஒரு சுவர் போன்றது. தோலின் அணுக்கள் செங்கல். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சாந்து நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வராது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சுவர் பலவீனமாக இருக்கிறது. சுவரைக் கட்ட உதவும் பிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் போதிய அளவு உண்டாவதில்லை. இந்தக் குறை பரம்பரையாக வருவதையும், கரப்பானுக்கு அது ஒரு முக்கிய காரணம் என்பதையும் ஸ்கொட்லாந்து நாட்டின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2006இல் வெளியிட்டார்கள்.

ஆகவே கரப்பான் இரத்தம் கெட்டதால் வருவதல்ல. தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதால் வருவதுமல்ல. கண்ணூறும் காரணமல்ல. குடும்பத்தில் இழுப்பு, தொய்வு, பீனிசம் உள்ளவர்கள் இருந்தால் பிள்ளைக்குக் கரப்பான் வரும் வாய்ப்புக் கூட. பணக்கார நாடுகளில், வேளைக்கு வேளை குளித்து மெத்தையில் படுக்கும் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. பல நாடுகளில் ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு வரை வந்து போகிறது. எனவே கரப்பான் உள்ள பிள்ளையின் தாயை அசுத்தமானவள் என்று பேசுவது அநியாயம்.

கைக்குழந்தைக்குக் கரப்பான் பெரும்பாலும் கன்னத்திலும் தலையிலும் கைகால்களின் வெளிப்புறத்திலும் தொடங்கும். தோல் சிவந்து, சொரசொரப்பாகி, சிலவேளை நீர் கசியும். எமது நிறமுள்ள தோலில் சிவப்பு நன்றாகத் தெரியாது. கருமையாகவோ சாம்பல் பூத்தது போலவோ தெரியும். இரண்டு வயதுக்குப் பின்னர் முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு ஆகிய இடங்களுக்கு அது இறங்கும். வரும், போகும், மறுபடியும் வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும். ஒரே மருந்தில் அடியோடு மாற்றித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவரை நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

சிரங்கு என்றால் என்ன?

சிரங்குக்குக் காரணம் ஒரு பூச்சி. அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். பெண் பூச்சி தோலின் மேற்பகுதியில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். உடம்போடு உடம்பு நெடுநேரம் ஒட்டியிருக்கும்போது அது ஆளுக்கு ஆள் பரவும். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லலாம். இதுதான் முக்கியமான செய்தி. இன்று சொறியாத தகப்பனிடமும் அம்மம்மாவிடமும் பூச்சி ஏற்கெனவே குடியிருக்கலாம். சொறியும் பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால், பூச்சி மற்றவர்களிடமிருந்து மறுபடியும் பிள்ளைக்கு வந்து சேரும்.

உலகத்தில் எந்த வேளையிலும் 20 கோடிக்கும் அதிகமானோருக்குச் சிரங்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமல்ல, அது வரும் மக்களுந்தான் என்று நாம் சேர்த்துச் சொல்வோம்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது: வீட்டில் வேறு யாருக்காவது அண்மையில் சொறிச்சல் தொடங்கியதா? ஆம் என்றால் சிரங்காக இருக்கக்கூடும். பிள்ளைக்கு மட்டும், அதுவும் பல மாதங்களாக வந்து வந்து போகிறது என்றால் கரப்பானாக இருக்கக்கூடும்.

இரண்டாவது: எங்கே சொறிகிறது? விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி, ஆண்பிள்ளைகளின் குறி ஆகிய இடங்களில் சிறு பருக்கள் என்றால் சிரங்கு. கைக்குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பரு இருந்தாலும் சிரங்கை நினைக்க வேண்டும். கன்னமும் கைகால் மடிப்புகளும் என்றால் கரப்பான்.

மூன்றாவது: தோல் எப்படி இருக்கிறது? உடம்பு முழுவதும் வறண்டு சொரசொரத்திருந்தால் கரப்பான். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பாக இருந்து, பருக்கள் மட்டும் தனித்தனியே இருந்தால் சிரங்கு.

ஓரத்தில் வளையம் போல் தடித்து நடுவில் வெளுத்திருந்தால் அது படை. கழுத்திலும் முதுகிலும் வெயில் நேரத்தில் பொடிப்பொடியாக வருவது வியர்க்குரு. வெளிறிய ஒரு தழும்பு, அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய்க்கு முழுமையான மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முந்திக் காட்டினால் ஊனமின்றி மாறும்.

இரண்டு நோய்கள் ஒரே பிள்ளையில் சேர்ந்தும் வரலாம். ஐயம் இருந்தால் கிளினிக்குக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் உடுப்பைக் கழற்றி முழு உடம்பையும் காட்டுங்கள். கையை மட்டும் காட்டி மருந்து கேட்க வேண்டாம்.

கரப்பானுக்கு: எண்ணெயும் ஈரமும்

கரப்பானின் முதல் மருந்து விலை உயர்ந்ததல்ல. உடைந்த சுவருக்குச் சாந்து பூசுவது போல, பிள்ளையின் தோலுக்கு நாள்தோறும் பசைப்பொருள் பூசுவதுதான் அது. வெறும் வாசலின் போதும். வாசனையோ மூலிகையோ சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெயும் உதவும். 2014இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளிடம் எட்டு வாரங்கள் செய்த ஆய்வில், கனிய எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. எமது அம்மம்மாமார் பிள்ளைக்கு எண்ணெய் பூசிய வழக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் பழைய, காறிப்போன எண்ணெயோ பொரித்த எண்ணெயோ வேண்டாம்.

குளிக்க வார்ப்பதை நிறுத்த வேண்டாம். கரப்பான் என்றால் தண்ணீர் படக்கூடாது என்பது தவறான எண்ணம். சூடும் குளிரும் இல்லாத தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் வாருங்கள். சவர்க்காரத்தை அக்குள், இடுக்கு, கால் ஆகிய அழுக்குப் படும் இடங்களோடு நிறுத்துங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் முழுதும் காய்வதற்கு முன், ஈரம் இருக்கும்போதே வாசலினையோ எண்ணெயையோ பூசுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் ஈரத் துணியால் ஒற்றிவிட்டுப் பூசினாலும் போதும். ஆஸ்பத்திரியில் ஏகியஸ் கிறீம் தந்தால், அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவப் பயன்படுத்தலாம். பூசி விட்டுவைத்தால் சில பிள்ளைகளுக்கு அது எரியும்.

எவ்வளவு பூச வேண்டும்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உடம்பில் பரவலாகக் கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை பசைப்பொருள் தேவைப்படும் என்று பிரித்தானிய சுகாதார வழிகாட்டல் சொல்கிறது. கையில் கிடைக்கும் சிறு டப்பா இரண்டு நாளைக்கும் காணாது. அதைப் பொட்டு வைப்பது போலத் தொட்டு வைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பதில் பயனில்லை.

பிள்ளையின் நகத்தைக் குட்டையாக வெட்டுங்கள். நைலோன் உடுப்பைத் தவிர்த்து, தோய்த்துத் தோய்த்து மெதுவாகிப்போன பழைய பருத்திச் சாரத்தில் உடுப்புத் தையுங்கள். ஏணைக்கும் நைலோன் சேலை வேண்டாம். உடுப்பைச் சவர்க்காரம் போக நன்றாக அலசுங்கள். சூடு மிதித்து, உமித்தூசியோடு வயலிலிருந்து வருபவர்கள் கைகால் கழுவி, உடுப்பை மாற்றிய பின் பிள்ளையைத் தூக்குங்கள்.

ரியூப் கிறீமைப் பற்றி

கரப்பான் தணியாதபோது வைத்தியர் ஸ்டெரொயிட் கிறீம் தருவார். 1952இல் அமெரிக்க வைத்தியர்கள் சல்ஸ்பேர்கரும் விற்றனும் இதைத் தோலில் பயன்படுத்தி வெற்றி கண்டதிலிருந்து, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு இது நிம்மதி தந்திருக்கிறது. சரியான வலிமையில், சரியான இடத்தில், சரியான நாட்களுக்குப் பூசினால் இது நல்ல மருந்து. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம் போன்ற மெல்லிய கிறீமே போதும். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிறீம், பெரியவரின் இரண்டு கையளவு இடத்துக்குக் காணும். இதுதான் அளவு.

ஆனால் எமது பகுதியில் நடப்பது வேறு. "சொறிக்கு ஒரு ரியூப் தாருங்கள்" என்று கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் வலிமை கூடிய ஸ்டெரொயிட்டும் பூஞ்சண மருந்தும் கிருமி மருந்தும் கலந்த கிறீமைக் கொடுக்கிறார். முதல் மூன்று நாள் அரிப்பு அடங்குகிறது. அதனால் நம்பிக்கை பிறக்கிறது. நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. அதனால் மறுபடி வாங்குகிறார்கள். படைக்கு இதைப் பூசினால் படை உருமாறி உடம்பெல்லாம் பரவும். சிரங்குக்குப் பூசினால் அரிப்பு மட்டும் மறைந்து, பூச்சி பெருகும். குழந்தையின் கன்னத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். உடம்பெங்கும் பூசினால் மருந்து இரத்தத்தில் சேர்ந்து வளர்ச்சியைக்கூடப் பாதிக்கும். அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் வந்த ரியூப் என்பதற்காக உங்கள் பிள்ளைக்குப் பூச வேண்டாம்.

இதைக் கேட்டு மறுபக்கத்துக்கும் சாய வேண்டாம். வைத்தியர் தந்த மெல்லிய கிறீமைப் பயந்து ஒளித்து வைத்துவிட்டு, பிள்ளையை இரவெல்லாம் சொறிய விடுவதும் பிழைதான்.

சிரங்குக்கு: முழு வீடும், ஒரே இரவும்

சிரங்குக்குப் பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 வீதக் கிறீம் தரப்படுகிறது. அதை இரவில், கழுத்திலிருந்து கால்விரல் வரை ஓரிடமும் விடாமல் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்து, காலையில் கழுவ வேண்டும். விரலிடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், குறி எல்லாவற்றிலும் பூச வேண்டும். சிறு குழந்தைக்கு, கண்ணும் வாயும் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் பூசச் சொல்வார்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு வைத்தியரைக் கேட்காமல் பூசக்கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். பென்சைல் பென்சோயேட் திரவம் கிடைத்தால் அது எரியும். சிறு பிள்ளைக்கு எப்படிக் கலந்து பூசுவது என்று கேட்டறிந்தே பூசுங்கள்.

பிரதான விதி இதுதான்: சொறிந்தாலும் சொறியாவிட்டாலும், அந்தக் கூரையின் கீழ் படுக்கும் எல்லோரும் அன்றிரவே பூச வேண்டும். பாய், போர்வை, உடுப்பு ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காய வையுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் கட்டி நான்கு நாள் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர்வாழாது. மருந்து பூசிய பின்னும் சில வாரங்களுக்கு அரிப்பு இருக்கலாம். அதனால் மருந்து தோற்றது என்று எண்ணித் தினமும் பூச வேண்டாம்.

ஒரு வீட்டுக்குச் சரியானது ஒரு முகாமுக்கும் சரி. பீஜித் தீவுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தீவில் நோயாளரை மட்டுமன்றி எல்லோரையும் ஐவர்மெக்டின் மருந்தால் கவனித்தபோது, 100க்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓர் ஆண்டில் 100க்கு 2 பேராகக் குறைந்தது. முடிவு 2015இல் வெளிவந்தது. தனித்தனியாகச் செய்த சிகிச்சையில் அந்த அளவு குறையவில்லை. ஆகவே ஒரு முகாமில் பல குடும்பங்களுக்குச் சிரங்கு என்றால், ஒவ்வொரு தாயாக வரிசையில் நின்று மருந்து கேட்பது வழியல்ல. எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் கேட்பதே வழி.

பத்தியத்தின் பெயரால் பட்டினி வேண்டாம்

சொறி என்றவுடன் முட்டை நிறுத்தம், மீன் நிறுத்தம், இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தம். சிரங்குக்கும் உணவுக்கும் எந்தத் தொடர்புமில்லை. கரப்பானிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உணவு காரணமல்ல. ஏற்கெனவே நிறை குறைந்த பிள்ளைக்கு மீனையும் முட்டையையும் நிறுத்தினால், கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடுதான் கீழே இறங்கும். ஓர் உணவைத் தின்று சிறிது நேரத்துக்குள் உடம்பு தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்தால் அதை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. மற்றப்படி தாய்ப்பாலும் வீட்டுச் சாப்பாடும் தொடரட்டும்.

உணவை ஒளிப்பதால் ஒவ்வாமை கூடவும் கூடும். கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளிடம் இலண்டனில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நிலக்கடலையைச் சிறு வயதிலேயே உணவில் சேர்த்தவர்களுக்கு, அதைத் தவிர்த்தவர்களைவிட நிலக்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. ஆனால் கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலை சிறு பிள்ளைக்குக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், பற்றரிக் கரி, டெட்டோல் என்பவற்றைப் பிள்ளையின் தோலில் பூச வேண்டாம். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எக்காரணம் கொண்டும் தொடவே வேண்டாம். பயிர்ப் பூச்சியைக் கொல்வது சிரங்குப் பூச்சியையும் கொல்லும் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். சொறிந்து புண்ணான தோல் நஞ்சை வேகமாக உறிஞ்சும்; சிறு பிள்ளையின் உயிரே போகும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத் தோல் நோயுள்ள பிள்ளைகளைக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. அந்த இடத்தின் பழைமையை நாம் மதிக்கிறோம். ஆனால் சூட்டு நீர் கரப்பானை வறட்டி, அரிப்பைக் கூட்டும். சிரங்குப் பூச்சியை அது கொல்வதுமில்லை. கரப்பான் உள்ள பிள்ளைக்கு வார்ப்பதானால் நீரை ஆறவைத்து வாருங்கள். சித்த மருத்துவரிடம் போவதானால் படித்துப் பதிவு பெற்றவரிடம் போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பெயர் தெரியாத பொடியை ஊர் ஊராக விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேளைகள் இவை. சொறிந்த இடத்தில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்தால். கரப்பான் உள்ள இடத்தில் ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றிப் பிள்ளை வாடினால். தோல் புண் வந்த சில வாரங்களுக்குள் முகம் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனால். கடைசியாகச் சொன்னது சிறுநீரகம் தாக்கப்பட்டதன் அறிகுறி. ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இதுவரை சொன்னவற்றிற் பலவற்றை ஒரு தாய் தன் கையால் செய்யலாம். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டு என்று சொல்வது கேலி. பத்துப் பேர் படுக்கும் கொட்டிலில் தள்ளிப் படு என்று சொல்வதும் கேலிதான். எமது பிள்ளைகளின் தோலில் தெரிவது எமக்குத் தரப்பட்ட இடத்தின் அளவும் தண்ணீரின் அளவும் என்றே நாம் கருதுகிறோம். எனவே இதைச் சுகாதாரப் போதனையோடு முடித்துவிட முடியாது.

1997இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து ஸ்பியர் என்ற பெயரில் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கத் தொடங்கின. அந்த அளவுகள் இவை: ஒரு நாளைக்கு ஒருவருக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். தண்ணீர் எடுக்கும் இடம் 500 மீற்றருக்குள். படுத்து வாழ ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம். மாதம் ஒருவருக்கு 250 கிராம் குளிக்கும் சவர்க்காரமும் 200 கிராம் தோய்க்கும் சவர்க்காரமும். ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளுக்கு 75 லீற்றர். மாதம் ஒன்றேகால் கிலோ குளிக்கும் சவர்க்காரம். இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரோ பிரதேச செயலாளரோ தொண்டு நிறுவனமோ வரும்போது "தண்ணீர் காணாது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "எங்களுக்கு 75 லீற்றர் வர வேண்டும், 30 லீற்றர்தான் வருகிறது" என்று கணக்கோடு சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு கொப்பியில் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குச் சொறி என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். மாதர் சங்கம் இதைச் செய்யலாம்.

முன்பள்ளி ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். கரப்பான் உள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், அது தொற்றாது. சிரங்கு உள்ள பிள்ளை முதல் தடவை மருந்து பூசிய மறுநாள் வரலாம். பிள்ளையைத் தனியாக ஒரு மூலையில் இருத்தாமல், எல்லாப் பெற்றோரையும் கூட்டி, எல்லா வீடுகளும் ஒரே நாளில் பூச ஒழுங்கு செய்யுங்கள். மருந்துக்கடை நடத்துவோரே, துண்டு இல்லாமல் வலிமை கூடிய கிறீமை ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். சுகாதார அதிகாரிகளிடம் நாம் கேட்பது இரண்டு: கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குக் காணக்கூடிய அளவில் பசைப்பொருள்; சிரங்கு உள்ள பிள்ளைக்கு முழு வீட்டுக்கும் காணக்கூடிய அளவில் மருந்து. ஒரு பிள்ளைக்கு ஒரு சிறு டப்பா என்பது அந்தப் பிள்ளையை அடுத்த மாதமும் வரிசையில் நிறுத்துவதாகும்.

காணி கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று எமது மக்கள் காத்திருந்த ஆண்டுகள் அதிகம். ஆனால் பிள்ளையின் முதல் ஐந்து வயது எந்த வர்த்தமானி அறிவித்தலுக்காகவும் காத்திருப்பதில்லை. இன்றிரவு பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கையும் முழங்கை மடிப்பையும் பாருங்கள். வீட்டில் வேறு யாரும் சொறிகிறார்களா என்று கேளுங்கள். எந்தச் சொறி என்று தெரிந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரியும்.